கை என்றால் கை

எங்கள் அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லப்போகிறேன் என்றால், என்னைத் தெரிந்தவர்கள் முதலில் என் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள், காய்ச்சல் அடிக்கிறதா என்று. நாத்தனார் வாயால் அண்ணி பாராட்டு வாங்குவது அத்தனை லேசான காரியமா என்ன? எங்கள் வீட்டில் அது நடந்திருக்கிறது. எப்படி நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

வயதில் அவள் எனக்குச் சின்னவள், முறையில் பெரியவள். அதனால் 'அண்ணி' என்று மரியாதையாகக் கூப்பிட்டு 'நீ' என்று உரிமையாகப் பேசுவேன். அவள் என்னை 'நாத்தனாரே' என்பாள். அந்த 'ரே'யில் கொஞ்சம் கிண்டல் இருக்கும். அண்ணனும் அவளும் நானும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். நான் ஒரு துணிக்கடையின் பின்கட்டில் உட்கார்ந்து கால்சட்டைகளின் நீளத்தைக் குறைக்கிற தையல்காரி. அண்ணன் தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவர். ஊரில் மோட்டார்கள் எல்லாம் ஒழுங்காக ஓடிவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு தடுமாறும், அப்படி ஒரு தொழில்.

அண்ணியிடம் யாருக்கும் முதலில் தெரிய வருவது அவள் குரல். மாடியில் நின்று அவள் 'பால் பொங்குது' என்றால் தெருமுனையில் இருப்பவர் தன் வீட்டு அடுப்பை அணைக்க ஓடுவார். அது அவள் குற்றமில்லை. அவளுடைய அப்பா தகரம் அடிக்கிற பட்டறையில் வேலை பார்த்தே காது போனவர். அந்த வீட்டில் தண்ணீர் கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். கத்திப் பேசிப் பேசியே வளர்ந்தவளுக்கு ரகசியம் என்றால் என்னவென்றே தெரியாது. எங்கள் அண்ணனுக்கோ பேச்சு உதட்டைத் தாண்டி வராது. இரண்டு பேரையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சரியாக இருக்கும் என்று நான் சொல்வதுண்டு. கல்யாணமான புதிதில் பேருந்தில் அவள் பக்கத்தில் உட்கார எனக்குக் கூச்சமாக இருந்தது உண்மை. எங்கள் குடும்ப விவகாரம் மொத்தமும் ஓட்டுநர் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

அந்தக் குரலுக்கு ஏற்ற வேலை ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைக்கிற பெரிய சலவைக் கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தது. முதல் ஆறு மாதம் புரபேஷன். அதைத் தாண்டினால் நிரந்தரம். வீட்டில் மாதம் தவறாமல் ஒரு சம்பளம் வரும் என்பதே எங்களுக்குப் பெரிய சங்கதி. அண்ணனுக்கு அன்று இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச்சு வந்தது.

அந்தக் கம்பெனியை நடுவில் ஒரு சுவர் வைத்துப் பிரித்திருப்பார்கள். ஒன்று அழுக்குப் பக்கம், மற்றது சுத்தப் பக்கம். புதிதாக வருகிறவர்களை அழுக்குப் பக்கம்தான் போடுவார்கள். மூட்டைகளைப் பிரித்து ஓடுகிற பெல்ட்டில் கொட்டினால், இரண்டு பக்கமும் நிற்கிறவர்கள் போர்வை தனி, உறை தனி, டாக்டர் அங்கி தனி என்று பிரித்துத் தள்ள வேண்டும். கையுறை, முகமூடி எல்லாம் உண்டு. ஆனால் அந்தத் துணிக்குள் எது இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. கத்தரிக்கோல் வரும், பிளேடு வரும், எல்லாவற்றையும்விட மோசமாக, யார் உடம்பிலோ குத்திய ஊசி வரும். ஊசிக்குக் கையுறை ஒரு பொருட்டா?

அதனால் அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கூர்மையாக எதையாவது பார்த்தால், பார்த்தவர் 'கை' என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைதான். சொன்ன நொடியில் பெல்ட்டோரம் நிற்கிற அத்தனை பேரும் இரண்டு கையையும் தோள் உயரத்துக்குத் தூக்கி ஓரடி பின்னால் போக வேண்டும். சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் இருப்பவர் பெல்ட்டை நிறுத்துவார். எங்கே, என்ன, யார் சொன்னது என்றெல்லாம் பிறகு கேட்டுக்கொள்ளலாம். முதல் நாளே சூப்பர்வைசர் இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டார். "தப்பா சொல்லிட்டாலும் பரவால்ல. பாத்துட்டு சொல்லாம மட்டும் விட்டுடாதீங்க" என்றாராம். அந்த மனிதரும் அதே பெல்ட்டில் நின்று மேலே வந்தவர்தான். வலது சுட்டுவிரலில் ஒருமுறை ஊசி ஏறி, என்னென்னவோ பரிசோதனைகள் செய்து, ஒன்றும் இல்லை என்று தெரிகிற வரைக்கும் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சக்கூடப் பயந்தவர் என்று சொல்வார்கள்.

அண்ணி வந்த பிறகு 'கை' அடிக்கடி கேட்க ஆரம்பித்தது. மெஷின் சத்தத்தில் மற்றவர்கள் சொன்னால் பக்கத்தில் இருக்கிறவருக்குத்தான் கேட்கும். இவள் சொன்னால் சுத்தப் பக்கத்தில் இஸ்திரி போடுகிறவர்கள்கூடக் கையைத் தூக்கிவிடுவார்களாம். எதிரில் நிற்கிற நெட்டையக்கா, உயரமாக இருப்பதால் அந்தப் பெயர், ஒருநாள் ஒரு தலையணை உறையை அள்ளப் போன நேரத்தில் இவள் 'கை' என்றாள். உறையை விரித்துப் பார்த்தால் உள்ளே மூடியில்லாத ஊசி, உள்ளங்கை போகிற இடத்தில் நின்றது. நெட்டையக்கா அன்று உட்கார்ந்தவர், எழுந்திருக்க வெகுநேரம் ஆனது.

ஆனால் பெல்ட் நின்றால் மூட்டைகள் தேங்கும். மூட்டைகள் தேங்கினால் மேலே கண்ணாடி அறையில் இருக்கிற மேனேஜருக்கு முகம் சுருங்கும். சூப்பர்வைசர் வந்து அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீங்க இன்னும் புரபேஷன்ல இருக்கீங்கம்மா. பெல்ட்ட நிறுத்தறதெல்லாம் பர்மனென்ட் ஆளுங்க பாத்துக்குவாங்க."

"நான் புரபேஷன்னு ஊசிக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள். கேட்ட கேள்வி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கேட்டிருக்கும் என்று வேறு சொல்ல வேண்டுமா?

வினை ஒரு மிட்டாய்த் தாளில் வந்தது. வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து, தங்கள் துணிகளையும் இங்கேயே கொடுக்கலாமா என்று பார்க்க நாலைந்து பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். மேனேஜர் அவர்களை அழுக்குப் பக்கம் அழைத்து வந்து, இங்கே எல்லாம் எவ்வளவு நிம்மதியாக நடக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு போர்வை மடிப்பில் ஏதோ பளிச்சென்று மின்ன, அண்ணி 'கை' என்றாள். அத்தனை பேர் கையும் மேலே போனது. வந்த விருந்தாளிகளும் கொள்ளைக்காரன் புகுந்துவிட்டான் என்று நினைத்துக் கையைத் தூக்கிவிட்டார்கள். கழுத்துப் பட்டி கட்டிய மேனேஜரும் அவர்களோடு கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். பெல்ட் நின்றது. போர்வையைப் பிரித்துப் பார்த்தால் வெள்ளித் தாள். மிட்டாய் சுற்றிய தாள்.

அவள் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணியும் சிரித்தாள். மறுநாள் மத்தியானமே அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள், கையில் ஒரு தாளோடு. 'தகுதிகாண் காலத்தில் இப்பணிக்குத் தகுதியற்றவர் எனக் காணப்பட்டதால்' என்று ஆரம்பித்து, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முடித்திருந்தார்கள். கைகழுவி விட்டுவிட்டார்கள். சலவைக் கம்பெனி அல்லவா, சுத்தமாகத்தான் கழுவினார்கள்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. நேராகப் போய் அந்த மேனேஜரின் கழுத்துப் பட்டியைப் பிடித்து உலுக்கப்போகிறேன் என்று செருப்பை மாட்டினேன். அண்ணி என்னை இழுத்து உட்கார வைத்தாள்.

"வேலை போனா போகுது நாத்தனாரே, வேற தேடிக்கலாம். இந்த வார்த்த இருக்கு பாரு, தகுதியற்றவர்னு. இது நான் போற எடத்துக்கெல்லாம் என்கூட வரும்."

அன்றைக்குத்தான் அவள் தணிந்த குரலில் பேசி நான் கேட்டேன். மாட்டிய செருப்பைக் கழற்றிப் போட்டேன்.

சாயங்காலம் நெட்டையக்கா வந்தார். வந்த வேகத்திலேயே, "புரபேஷன்னா என்ன, வாயில்லாப் பூச்சியா? தொழிலாளர் ஆபீஸ்ல போய் மனு குடு. நாங்க இருக்கோம்" என்றார்.

"புரபேஷன்ல இருந்தா எப்ப வேணா வேலைய விட்டு எடுக்கலாமேக்கா?" என்றார் அண்ணன், தன் சட்டைப் பொத்தானுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"வேலை தெரியலைன்னா எடுக்கட்டும். ஊசிய ஊசின்னு சொன்னதுக்கு எடுக்க முடியாதுய்யா. அதுவும் இதுவும் ஒண்ணா?"

மனு போனது தெரிந்ததும் மேனேஜரிடமிருந்து போன் வந்தது. குரலில் தேன் ஒழுகியது. "எதுக்கும்மா வீண் அலைச்சல்? நீங்களா விலகிக்கிட்டதா எழுதிக் குடுத்துடுங்க. அந்தத் தாளையும் கிழிச்சுப் போட்டுடலாம், நல்லா வேலை செஞ்சாங்கன்னு சர்டிபிகேட்டும் தர்றோம். உங்களுக்கும் மரியாதை, எங்களுக்கும் மரியாதை."

எங்கள் அண்ணனுக்குக் கொஞ்சம் ஆசை தட்டியது. "வாங்கிட்டா என்ன?" என்றார். வாடகை கட்டுகிறவருக்கு அப்படித்தான் தோன்றும், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

"நான் விலகலையே" என்றாள் அண்ணி. "செய்யாதத செஞ்சேன்னு எப்படிங்க எழுதிக் குடுக்கறது? அப்புறம் அடுத்த புதுப் பொண்ணு ஊசியப் பாத்துட்டு வாய மூடிக்கிட்டு நிப்பா. அது யார் கையில ஏறும்?"

அண்ணன் அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மறுநாள் யாரிடமோ கடன் சொல்லி அவளுக்கு ஒரு புதுக் குடை வாங்கி வந்தார், ஆபீசுக்கு அலைய வேண்டுமே என்று.

விசாரணைக்குத் துணைக்கு ஒருவர் வரலாம் என்றார்கள். நான் போனேன். போவதற்கு முன் அண்ணி என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள், உள்ளே நான் வாயைத் திறக்கக் கூடாது என்று. ஊரையே எழுப்புகிற குரல்காரி என்னிடம் வாயை மூடச் சொல்கிறாள், கேட்டீர்களா கொடுமையை. இருந்தாலும் ஒப்புக்கொண்டேன்.

அது ஒரு சின்ன அறை. மேலே மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டே சுற்றியது. மேஜை முழுக்கக் காகிதக் கட்டுகள், பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஏதாவது ஒரு கனம். ஒன்றின் மேல் தண்ணீர்ப் பாட்டில், ஒன்றின் மேல் பூட்டு. அதற்கு அந்தப் பக்கம் தொழிலாளர் அதிகாரி அம்மா. இந்தப் பக்கம் ஒரு கோடியில் நாங்கள், மறுகோடியில் மேனேஜரும் சூப்பர்வைசரும்.

மேனேஜர் எடுத்த எடுப்பிலேயே சட்டம் பேசினார். "மேடம், புரபேஷன்ல இருக்கறவங்கள எடுக்கறதுக்கு நாங்க காரணமே சொல்ல வேண்டியதில்ல."

"சொல்லாம விட்டிருந்தா அது வேற பேச்சு" என்றார் அதிகாரி. "நீங்க சொல்லியிருக்கீங்களே, தகுதியில்லைன்னு. தகுதிகாண் காலம்னா, தகுதிய யாராச்சும் கண்டிருக்கணும் இல்லையா? குறை இருந்தா கூப்பிட்டுச் சொல்லி, திருத்திக்க எடம் குடுத்திருக்கணும். பாத்தது யாரு?"

மேனேஜர் சூப்பர்வைசரைக் காட்டினார். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார், எங்கள் பக்கம் திரும்பவில்லை.

"வேலைல குறை இல்லைங்க மேடம். அடிக்கடி பெல்ட்ட நிறுத்திடறாங்க. அவங்களுக்கு அந்த அதிகாரம் இல்ல. புரபேஷன் ஆள் 'கை'ன்னு சொன்னா அது கணக்குல வராது. பர்மனென்ட் ஆள் சொன்னாத்தான் நாங்க எடுத்துக்குவோம். கூப்பிட்டும் சொல்லியிருக்கேன்."

வாயில் எச்சிலோடு சேர்த்து ஆயிரம் வார்த்தைகளை விழுங்கினேன். முதல் நாள் பாடம் சொல்லிக் கொடுத்தவரே இப்படிப் பேசினால் எப்படி இருக்கும்? அண்ணி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்துக்கொண்டே இருந்தாள்.

"அப்படி எழுத்துல விதி ஏதாவது இருக்கா?" என்று அதிகாரி கேட்டார்.

"நாங்க குடுத்த கட்டுலயே இருக்கும் மேடம். எடுத்துக் காட்டுங்க" என்று மேனேஜர் கண்ணைக் காட்ட, சூப்பர்வைசர் எழுந்து குனிந்து, மேஜை நடுவில் கிடந்த குவியலுக்குள் வலது கையை நுழைக்கப் போனார்.

"கை."

அந்தக் குரலை அந்த ஆபீஸ் அதற்கு முன் கேட்டிருக்காது. பக்கத்து அறையில் தட்டச்சு நின்றது. வராந்தாவில் யாரோ டம்ளரைக் கீழே போட்டார்கள். சூப்பர்வைசரின் இரண்டு கைகளும் தோளுக்கு மேல் இருந்தன. நாற்காலியை முட்டித் தள்ளிக்கொண்டு ஓரடி பின்னாலும் போயிருந்தார். கண் இமைக்கிற நேரம்கூட ஆகவில்லை.

அண்ணி விரலை நீட்டிக் காட்டினாள். அவர் கை போகவிருந்த இடத்தில், ஒரு காகிதக் கட்டின் ஓரத்தில், துருப்பிடித்த குண்டூசி ஒன்று முனையை மேலே காட்டிக்கொண்டு நின்றது. அதிகாரி அம்மா எட்டி அதை மெதுவாகப் பிடுங்கி, டீக் கோப்பைத் தட்டில் போட்டார். டிங்கென்று ஒரு சின்னச் சத்தம்.

"கையை இறக்கலாம்" என்றார். அதுவரைக்கும் அந்த மனிதர் தூக்கிய கையோடுதான் நின்றிருந்தார்.

"இவங்க பர்மனென்ட்டா?"

"இல்ல மேடம்."

"பின்ன ஏன் தூக்கினீங்க?"

சூப்பர்வைசர் தன் கைகளைப் பார்த்தார். வலது சுட்டுவிரலை இடது கையால் தடவிக்கொண்டார். மேனேஜர் தொண்டையைச் செருமினார். அதை அவர் காதில் வாங்கவில்லை.

"ஊசின்னா யார் சொன்னாலும் தூக்கணும் மேடம். புதுசா பழசான்னு பாத்துட்டு நின்னா ஏறிடும்." பிறகு முதல் முறையாக அண்ணியின் முகத்தைப் பார்த்தார். "நான்தான் இவங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன். தப்பா சொன்னாலும் பரவால்ல, சொல்லாம விட்டுடாதீங்கன்னு. அன்னிக்கு மிட்டாய்த் தாளுக்குத்தான் நிறுத்தினாங்க, ஆமா. நானா இருந்தாலும் நிறுத்தியிருப்பேன்."

அதிகாரி மேனேஜர் பக்கம் திரும்பினார். "நான் இவங்க குறையச் சொல்லுங்கன்னேன். உங்க ஆள் இவங்க வேலையச் சொல்லியிருக்கார்."

அதற்கு மேல் மேனேஜரிடம் சட்டம் பெரிதாக மிச்சமில்லை. வேலை தெரியாதவரை அனுப்புவது வேறு, ஆபத்தைச் சொன்னவரைப் பழிவாங்குவது வேறு, இரண்டாவதைப் புரபேஷன் என்ற போர்வைக்குள் சுருட்டி வைக்க முடியாது, வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனால் தான் பார்த்ததைப் பார்த்தபடி எழுதி அனுப்ப வேண்டியிருக்கும் என்று அந்த அம்மா நிதானமாகச் சொன்னார். மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது கழுத்துப் பட்டி தளர்ந்திருந்தது.

"திரும்ப எடுத்துக்கறோம்" என்றார்.

எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது. அண்ணி உட்கார்ந்த இடத்தில் அசையாமல் இருந்தாள்.

"அந்த வார்த்த?"

"எது?"

"தகுதியற்றவர்னு எழுதினீங்களே சார். அது தப்புன்னு எழுதிக் குடுங்க. அப்புறம், புதுசா வந்தவங்க சொன்னாலும் பெல்ட் நிக்கும்னு பெரிய எழுத்துல எழுதி அங்க ஒட்டுங்க. ஒட்டினாத்தான் வருவேன்."

அதிகாரி அம்மா சிரிப்பை அடக்க மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அடக்கவில்லை. அண்ணிதான் பேசக் கூடாது என்றாளே தவிர, சிரிக்கக் கூடாது என்று சொல்லவில்லையே. இப்படி ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்து வாழ்கிறாளே என்று எனக்கு நெஞ்சு நிறைந்து கண்ணில் தண்ணீர் வந்தது.

படியிறங்கும்போது சூப்பர்வைசர் பின்னாலேயே வந்தார்.

"ஒண்ணு கேக்கறேன்மா. வேணும்னேதான் சொன்னீங்களா?"

"ஊசி இருந்துச்சா இல்லையா சார்?"

"இருந்துச்சு."

"அப்புறம் என்ன?"

அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். நானும் வீட்டில் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன், எனக்கும் இதே பதில்தான். அண்ணனோ அன்று தெருவில் எதிர்ப்பட்ட எல்லோரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எதிர் வீட்டுக்காரர், "உங்களுக்கு இவ்வளவு சத்தம் வருமா?" என்று கேட்டாராம்.

அவள் திரும்ப வேலைக்குப் போன காலையில், துணிக்கடைக்கு அந்த வழியாகவும் போகலாம் என்று ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு நானும் கூடவே போனேன். வாசலில் விட்டுவிட்டுத் திரும்ப மனம் வரவில்லை. காவலாளி டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் யாருக்காகவோ காத்திருப்பதுபோல் அவர் பக்கத்தில் நின்றேன். உள்ளே மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன, தரையே லேசாக அதிர்ந்தது. ஜன்னலுக்குள் புதிதாக ஒட்டிய தாள் தெரிந்தது, இங்கிருந்தே படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்து.

கிளம்பலாம் என்று பையைத் தோளில் மாட்டும்போதுதான் அது கேட்டது. அத்தனை மெஷின் சத்தத்தையும் கிழித்துக்கொண்டு, சுவரைத் தாண்டி, வாசல் வரைக்கும் வந்த ஒற்றை வார்த்தை. அடுத்த நொடி உள்ளே பெல்ட் நின்றது.

பழக்க தோஷம், காவலாளி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். தூக்கியபடியே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அந்தம்மா திரும்ப வந்துட்டாங்க போல" என்றார்.

"எங்க அண்ணி" என்றேன்.